குளுட்டன் ஒத்துக்கொள்ளாதவர் வீட்டுக்கு நண்பர் தங்க வரும்போது

கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளுட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாத உடல்நிலையோடு வாழ்வது நாளடைவில் பழகிவிடுகிறது. எதை வாங்குவது, எந்தப் பொட்டலத்தைத் திருப்பிப் படிப்பது, எந்த உணவகத்தைக் கடந்து போய்விடுவது என்பனவெல்லாம் யோசிக்காமலே நடக்கத் தொடங்குகின்றன. அந்த ஒழுங்கு குலைவது பெரும்பாலும் மகிழ்ச்சியான ஒரு காரணத்தால்தான்: நெடுநாள் நண்பர் ஒருவர் சில நாட்கள் தங்கிப்போக வருகிறார். அவர் கையில் கேக் பெட்டியோடு வரலாம். காலையில் உங்களுக்கு முன்னே எழுந்து தாமே ரொட்டி வாட்டிக்கொள்ளலாம். வெளியே சுற்றும்போது கண்ணில் பட்ட கடைக்குள் உங்களையும் இழுத்துக்கொண்டு நுழையலாம். அவர் மனம் நோகக்கூடாது என்று ஒன்றிரண்டு இடங்களில் விட்டுக்கொடுத்துவிட்டு, அவர் தங்கியிருக்கும் மீதி நாட்களைப் படுக்கையில் கழிக்க நேர்ந்தால் அது இருவருக்குமே இழப்பு. இதற்கு நான் பரிந்துரைக்கும் வழி ஒன்றுதான்: வீட்டுக்குள் எவருக்கும் குளுட்டன் கிடையாது, வீட்டுக்கு வெளியே நண்பருக்கு எந்தத் தடையும் கிடையாது. இந்த விதியை முன்கூட்டியே சொல்லி, அதற்கேற்ப வீட்டை ஆயத்தப்படுத்திவிட்டால், ஒவ்வொரு வேளையும் புதிதாக விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

உங்கள் நிலை எது என்பதில் தெளிவு வேண்டும்

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள ஒருவகைப் புரதங்களின் தொகுப்பே குளுட்டன். அது ஒத்துக்கொள்ளவில்லை என்று பொதுவாகச் சொல்லப்படும் நிலைக்குள் மூன்று வெவ்வேறு நிலைகள் அடங்கியுள்ளன. சீலியாக் நோயில், உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் குளுட்டனுக்கு எதிராகக் கிளம்பிச் சிறுகுடலின் உட்சுவரையே சிதைக்கிறது. உலக மக்களில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாகக் கணிக்கப்படுகிறது. கோதுமை ஒவ்வாமை முற்றிலும் வேறானது. அதில் சில நிமிடங்களிலேயே தடிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல் வரை போகக்கூடும். மூன்றாவது, இவ்விரண்டும் இல்லை என்று பரிசோதனையில் தெரிந்த பிறகும் குளுட்டன் கலந்த உணவால் வயிற்று உப்புசம், தலைவலி, சோர்வு போன்ற தொல்லைகள் வரும் நிலை. இந்த மூன்றாம் வகையினருள் சிலருக்குத் தொல்லை தருவது குளுட்டன் அல்ல, கோதுமையிலும் வெங்காயம், பூண்டிலும் உள்ள ஃப்ரக்டன் என்ற கார்போஹைட்ரேட் என்பதும் ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது.

நண்பர் வருகைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு, ஏனெனில் எவ்வளவு கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பதை இந்த வேறுபாடுதான் தீர்மானிக்கிறது. சீலியாக் உள்ளவருக்கு, வெளியே எந்த அறிகுறியும் தெரியாவிட்டாலும் உள்ளே சேதம் நடக்கலாம் என்பதால், விருந்தினருக்காக ஒரு நாள் விட்டுக்கொடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. மூன்றாம் நிலையில் உள்ளவர் தம் உடல் தாங்கும் அளவைத் தாமே அறிந்து ஓரளவு தளர்ந்து போகலாம். இன்னும் பரிசோதனையே செய்துகொள்ளாதவராக நீங்கள் இருந்தால், குளுட்டனை நிறுத்துவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். சீலியாக்கைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனையும் சிறுகுடல் திசுப் பரிசோதனையும், குளுட்டன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செய்தால்தான் சரியான முடிவைத் தரும்.

வருவதற்கு முன்பே பேசிவிடுவது

நண்பர் பயணத்துக்குப் பெட்டி கட்டும் முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும். வாசலில் கேக் பெட்டியை நீட்டிய பிறகு சொன்னால், எவ்வளவு மென்மையாகச் சொன்னாலும் அவருக்கு அது மறுப்பாகவே கேட்கும். நீண்ட மருத்துவ விளக்கம் தேவையில்லை. "எனக்குக் கோதுமை, பார்லி, ரை கலந்த எதுவும் ஆகாது, துணுக்கு விழுந்தாலும் உடம்பு கெட்டுவிடும் என்பதால் வீட்டுக்குள் அவற்றை வைத்துக்கொள்வதில்லை. சாப்பாட்டுக்கு எந்தக் குறையும் இருக்காது. ஏதாவது வாங்கி வரத் தோன்றினால் பழமோ பூவோ போதும். வெளியே போகும்போது உனக்குப் பிடித்ததைத் தாராளமாகச் சாப்பிடலாம்" என்ற அளவில் ஒரு செய்தி அனுப்பினாலே போதுமானது. என்ன ஆகாது என்பதோடு என்ன செய்யலாம் என்பதையும் சொல்லிவிட்டால், அன்போடு எதையாவது செய்ய விரும்பும் நண்பருக்கு அதற்கான வழியும் திறந்திருக்கிறது.

அதே உரையாடலில் அவருக்கு எது ஆகாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இது வெறும் மரியாதைக்காக அன்று: கோதுமைக்கு மாற்றாக நாம் பயன்படுத்துபவற்றுள் பாதாம் மாவு, முட்டை, சோயா, பால் பொருட்கள் ஆகியவை மற்றவர்களுக்கு ஒவ்வாமை தருவதில் பெயர் பெற்றவை.

இதெல்லாம் அண்மைக்கால மோகம் என்று எண்ணும் நண்பர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு வாதிடுவதைவிட ஒரு வரலாற்றுச் செய்தியைச் சொல்வது பயன் தரும். நெதர்லாந்தைச் சேர்ந்த வில்லெம் கரெல் டிக்கே என்ற குழந்தை மருத்துவர், 1930களிலேயே சீலியாக் குழந்தைகளின் நோய்க்கும் கோதுமைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஐயுற்றிருந்தார். இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1944–45 குளிர்காலத்துப் பஞ்சத்தில் அந்நாட்டில் ரொட்டி அரிதானபோது அந்தக் குழந்தைகளின் நிலை மோசமாகாமல் இருந்ததும், ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியதும் அவர் ஐயத்தை வலுப்படுத்தின. 1950இல் அவர் தம் ஆய்வேட்டை வெளியிட்டார். அதன் பிறகும் ஒருவர் நம்ப மறுத்தால், விதியை மட்டும் கடைப்பிடிக்கச் சொல்லிவிட்டு விட்டுவிடலாம். அவர் நம்புவது உங்கள் குடலுக்குத் தேவையில்லை.

சமையலறை

வீட்டைக் குளுட்டன் இல்லாததாகவே வைத்துக்கொள்ளச் சொல்வது மிகையான எச்சரிக்கையாகத் தோன்றலாம். கணக்கைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. ஏறத்தாழ 30 கிராம் எடையுள்ள ஒரு துண்டு கோதுமை ரொட்டியில் சுமார் 2 கிராம், அதாவது 2000 மில்லிகிராம் குளுட்டன் உண்டு. பெரும்பாலான சீலியாக் நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் குடலில் பாதிப்பு ஏற்பட வாய்ப்பில்லை என்பது பொதுவாக ஏற்கப்படும் வரம்பு. அதாவது அந்த ரொட்டித் துண்டை 200 பங்காக்கினால் அதில் ஒரு பங்கே ஒரு முழு நாளுக்கான எல்லை. வெண்ணெய்க் கத்தியில் ஒட்டிக்கொண்டு வரும் துணுக்குகள் இந்த எல்லையை எளிதாகத் தாண்டிவிடும். உலக உணவுத் தரநிர்ணய அமைப்பான கோடெக்ஸ், குளுட்டன் இல்லாதது என்று முத்திரையிடுவதற்கு ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற உச்சவரம்பை வைத்திருப்பதும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. அப்படிப்பட்ட உணவை அரைக் கிலோ சாப்பிட்டாலும் 10 மில்லிகிராமைத் தாண்டாது.

ஆகவே நண்பர் தங்கும் நாட்களில் கோதுமை ரொட்டி, பிஸ்கட், சாதாரண பாஸ்தா ஆகியவை வீட்டுக்குள் இல்லாமல் இருப்பதே எளிது. குடும்பத்தில் மற்றவர்கள் கோதுமை சாப்பிடுபவர்களாக இருந்து அது இயலாவிட்டால், இடத்தைப் பிரித்துவிடுங்கள். அவர்களுக்கும் நண்பருக்கும் ஒரு தனித் தட்டு அலமாரி, தனி வெட்டுப்பலகை, தனி டோஸ்டர், தனி வடிதட்டு, பாத்திரம் தேய்க்கத் தனி ஸ்பாஞ்சு ஆகியவை இருக்கட்டும். உங்களுடைய வெண்ணெய், ஜாம், தேன், நிலக்கடலை வெண்ணெய் ஆகியவற்றுக்குத் தனிக் குப்பிகள் வைத்து, மூடியில் பெரிய எழுத்தில் உங்கள் பெயரை எழுதிவிடுங்கள். ஏனெனில் மாசு வந்து சேரும் முக்கியமான வழி, ரொட்டியைத் தொட்ட கத்தி திரும்பவும் குப்பிக்குள் நுழைவதுதான். கோதுமை மாவைச் சலிப்பதும் பிசைவதும் மட்டும் எந்த ஏற்பாட்டிலும் வேண்டாம். மாவுத் தூள் காற்றில் நெடுநேரம் மிதந்து, மூடாமல் வைத்த உணவின் மேலும் மேடையின் மேலும் படியும்.

நண்பர் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு செய்தி: சூடு குளுட்டனை அழிக்காது. நன்றாகக் கொதித்துவிட்டதே, எண்ணெயில் பொரிந்துவிட்டதே என்ற வாதம் கிருமிகளுக்குப் பொருந்தும், புரதத்துக்குப் பொருந்தாது. கிருமிநாசினித் திரவமும் இங்கே உதவாது. உலோகம், கண்ணாடி, பளபளப்பான பீங்கான் ஆகியவற்றைச் சோப்பும் நீரும் கொண்டு தேய்த்துக் கழுவினால் குளுட்டன் போய்விடும். கீறல் விழுந்த மரப்பலகை, மரக்கரண்டி, மாவு தேய்க்கும் கட்டை, நுண்கண் சல்லடை ஆகியவற்றில் துணுக்குகள் தங்கிவிடுவதால் அவற்றை மட்டும் பகிர்ந்துகொள்ளாமல் இருப்பது நல்லது.

என்ன சமைப்பது

விருந்தினருக்காகக் குளுட்டன் இல்லாத ரொட்டியும் பாஸ்தாவும் தேடி வாங்கி அடுக்குவது பலரும் செய்வது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கோதுமையின் போலியைப் பரிமாறினால், சாப்பிடுபவரின் நாக்கு அசலோடு ஒப்பிட்டே தீரும். ஒப்பிட்டால் போலி தோற்கும். அரிசி, சிறுதானியங்கள், மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, பருப்பு வகைகள், காய்கறி, பழம், முட்டை, மீன், இறைச்சி, பால், தயிர் ஆகிய எதிலும் இயல்பாகவே குளுட்டன் கிடையாது. இவற்றைக் கொண்டு சமைத்த நல்ல உணவு எதுவும் நண்பருக்கு மருத்துவ உணவாகத் தெரியாது. நீங்கள் சொல்லாவிட்டால் அவர் கவனிக்கக்கூட மாட்டார். பல நாள் தங்குபவராக இருந்தால் காலை உணவைத்தான் முதலில் திட்டமிட வேண்டும், ஏனெனில் ரொட்டியும் தானியச் செதில்களும் பலருக்குக் காலைப் பழக்கம். முட்டை, பழம், தயிர், முந்தைய நாளே ஆயத்தமாக வைத்த அரிசி அல்லது சிறுதானிய உணவு ஆகியவற்றை எடுத்துக்கொள்ள வசதியாக வைத்துவிட்டால், நீங்கள் எழும் முன்பே பசித்தாலும் அவர் ரொட்டி தேடிப் போகமாட்டார்.

ஓட்ஸ் மட்டும் சற்றுச் சிக்கலானது. அதில் குளுட்டன் இயல்பாக இல்லாவிட்டாலும், வயலிலும் ஆலையிலும் கோதுமை, பார்லி கலந்துவிடுவது வழக்கம் என்பதால், குளுட்டன் இல்லாதது என்று குறிப்பிட்ட ஓட்ஸையே வாங்க வேண்டும். சீலியாக் உள்ளவர்களில் சிறு பகுதியினருக்கு அதுவும் ஒத்துக்கொள்வதில்லை. விருந்தினர் வந்திருக்கும் வாரத்தில் அதை முதன்முறையாகச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

குழம்பு, சூப் ஆகியவற்றைக் கெட்டியாக்க மைதாவுக்குப் பதிலாகக் கார்ன்ஃப்ளாரைப் பயன்படுத்தலாம். மைதாவின் பாதி அளவே போதும், குளிர்ந்த நீரில் கரைத்துக் கடைசியில் ஊற்ற வேண்டும். கேக் செய்வதானால் மாவுக் கலவைகளோடு போராடுவதைவிட, பாதாம் மாவையும் அடித்த முட்டையையும் நம்பிய செய்முறைகளைத் தேர்ந்தெடுப்பது நல்லது, ஏனெனில் அங்கே அமைப்பைத் தாங்குவது முட்டை. அரிசி மாவில் செய்வதானால் குளுட்டன் தரும் பிசுபிசுப்புக்கு ஈடாக சாந்தன் கம் அல்லது இசப்கோல் உமி சிறிது சேர்க்க வேண்டும். கலந்த மாவை அரை மணி நேரம் ஊறவிட்டால் நறநறப்பு குறையும்.

வீட்டில் சமைத்தும் உடம்பு கெடுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் பொட்டலங்களில்தான் இருக்கும். வழக்கமான சோயா சாஸ் கோதுமை சேர்த்தே நொதிக்க வைக்கப்படுகிறது. கடையில் விற்கும் பெருங்காயத்தூள் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். மால்ட் என்பது பெரும்பாலும் பார்லியிலிருந்து வருவது; அது பானத் தூள்களிலும் சோளச் செதில்களிலும் சாக்லேட்களிலும் மால்ட் வினிகரிலும் இருக்கும். சூப் கட்டிகள், பாக்கெட் மசாலாக் கலவைகள், சாசேஜ், நண்டு இறைச்சி போலச் செய்த மீன் பண்டம் ஆகியவற்றையும் படித்துப் பார்த்தே வாங்க வேண்டும். கோதுமை இல்லாதது என்று மட்டும் எழுதியிருந்தால் பார்லியோ ரையோ இருக்கலாம். எதிர்ப்புறத்தில், குளுட்டன் இல்லாதது என்ற முத்திரையுள்ள சில பொருட்களில் குளுட்டனை நீக்கிய கோதுமை ஸ்டார்ச் இருக்கக்கூடும். அது சீலியாக் உள்ளவருக்கு ஏற்றது, கோதுமை ஒவ்வாமை உள்ளவருக்கு ஏற்றதன்று. குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வரி: வழக்கமான பீர் பார்லியிலிருந்து வருவதால் ஆகாது, ஒயின் ஆகும், தானியத்திலிருந்து காய்ச்சி வடித்த மதுவகைகளில் புரதம் வடிக்கும்போதே பின்தங்கிவிடுவதால், பிறகு எதுவும் சேர்க்கப்படாதவரை அவையும் ஆகும்.

நண்பர் சமைத்துத் தர விரும்பினால்

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, இன்று நான் சமைக்கிறேன் என்று நண்பர் எழுந்து நிற்பார். மறுக்க வேண்டாம். உங்கள் சமையலறையில், உங்கள் அலமாரியில் உள்ள பொருட்களை மட்டும் கொண்டு சமைக்கச் சொல்லுங்கள். கடைக்குப் போக வேண்டியிருந்தால் கூடவே போய் வாருங்கள். அவர் கொண்டுவந்த மசாலாப் பொடியோ சாஸோ சேர்க்க விரும்பினால், பொட்டலத்தைப் பார்க்காமல் சம்மதிக்காதீர்கள். தம் வீட்டிலேயே செய்து எடுத்துவந்த பண்டம் என்றால், அதில் கோதுமை இல்லை என்று அவர் உறுதியாகச் சொன்னாலும், அவருடைய பலகையும் கரண்டியும் எதைத் தொட்டன என்பது அவருக்கே தெரியாது. "இதை நான் சாப்பிட முடியாது, ஆனால் மற்றவர்கள் விரும்பிச் சாப்பிடுவார்கள்" என்று சொல்லி வாங்கி, மூடி வைத்து, வீட்டுக்கு வெளியே யாருக்காவது கொடுத்துவிடலாம். ஒரு வாய் மட்டும் என்று வற்புறுத்தப்படும்போது நீண்ட காரணம் சொல்லத் தொடங்கினால் அது பேரமாக மாறிவிடும். சாப்பிட முடியாது என்று ஒரு முறை சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவதே சிறந்தது.

வெளியே சாப்பிடுதல்

நண்பரின் சுதந்திரத்துக்கும் உங்கள் பாதுகாப்புக்கும் இடையே உண்மையான உரசல் ஏற்படும் இடம் உணவகம்தான். இங்கே நாளின் போக்கில் ஏதோ ஓர் இடத்தில் நுழைவது என்ற வழக்கத்தை மட்டும் கைவிட வேண்டியிருக்கும். அவர் வருவதற்கு முன்பே நீங்கள் நம்பும் இரண்டு மூன்று உணவகங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றுள் எது வேண்டும் என்று அவரைக் கேளுங்கள். தேர்வு அவருடையதாக இருக்கும், எல்லை உங்களுடையதாக இருக்கும். புதிய இடமானால், கூட்டம் இல்லாத பிற்பகல் வேளையில் தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். குளுட்டன் இல்லாத உணவு உண்டா என்று கேட்டால் உண்டு என்ற பதில்தான் வரும், அதனால் பயனில்லை. பொரிக்கும் எண்ணெய் தனியா, பாஸ்தாவை வேகவைக்கும் தண்ணீர் தனியா, குழம்பை எதனால் கெட்டியாக்குகிறீர்கள், வாட்டும் கல்லில் ரொட்டியும் வாட்டுவீர்களா என்று கேளுங்கள். பதில் சொல்பவர் சமையலறைக்குள் போய்க் கேட்டு வந்தால் நல்ல அறிகுறி. யோசிக்காமலே பிரச்சினை இல்லை என்று சொல்பவரிடம் சாப்பிடாமல் இருப்பது நல்லது. பொரித்த உருளைக்கிழங்குகூட, ரொட்டித்தூள் தோய்த்த பண்டங்களோடு ஒரே எண்ணெயில் பொரிக்கப்பட்டால் ஆகாது.

மேசைக்கு வந்த பிறகு, உணவின் மேல் வறுத்த ரொட்டித் துண்டுகள் தூவப்பட்டிருந்தால் அவற்றைப் பொறுக்கி எறிந்துவிட்டுச் சாப்பிடக்கூடாது; புதிய தட்டில் புதிதாகக் கேளுங்கள். இதைக் கேட்கும்போது நண்பர் சங்கடப்படுவார், ஆகவே உணவகத்துக்குப் போகும் வழியிலேயே நீங்கள் இப்படிக் கேட்கக்கூடும் என்று சொல்லிவைப்பது நல்லது. நண்பர் ஆசைப்படும் இடத்தில் உங்களுக்கு எதுவுமே இல்லை என்றால், வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு அங்கே தேநீர் மட்டும் அருந்தலாம். அவர் உங்கள் எதிரே கோதுமை சாப்பிடலாமா என்று தயங்கினால், உண்மையிலேயே உங்களுக்குத் தொல்லை இல்லையென்றால் மட்டும் சாப்பிடச் சொல்லுங்கள். தட்டைப் பகிர்ந்துகொள்வதும் ஒருவர் கரண்டியை மற்றவர் தட்டில் விடுவதும் மட்டும் வேண்டாம். பயணங்களுக்குப் பழம், கொட்டைகள், அவித்த முட்டை போன்றவற்றைப் பையில் வைத்திருந்தால், பசியின் அவசரத்தில் தவறான கடைக்குள் நுழைய நேராது.

அப்படியும் தவறிவிட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஏதோ ஒரு வேளையில் குளுட்டன் உள்ளே போய்விடலாம். சிலருக்கு ஓரிரு மணி நேரத்தில் குமட்டலும் வாந்தியும் தொடங்கும். சிலருக்கு மறுநாள் வயிற்றுப்போக்கும் தலைவலியும் மனத்தெளிவின்மையும் வந்து சில நாட்கள் நீடிக்கும். இதற்கு மாற்று மருந்து எதுவும் கிடையாது. குளுட்டனைச் செரிக்கும் என்று விற்கப்படும் என்சைம் மாத்திரைகளை நம்பித் தெரிந்தே சாப்பிடுவது பாதுகாப்பன்று. நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொண்டு, எளிய உணவு உண்டு, ஓய்வெடுப்பதே வழி. நண்பரிடம் மறைக்காதீர்கள். அவருடைய கவனக்குறைவால் நேர்ந்திருந்தாலும், எந்தப் பொருளால் நேர்ந்தது என்பதை மட்டும் சொன்னால் போதும். அவருக்குக் குற்ற உணர்ச்சி மிகுந்துவிட்டால் மீதி நாட்களில் அவரைத் தேற்றும் வேலையும் உங்களுக்கே வந்து சேரும். அன்றைய திட்டத்தை அவர் தனியாகத் தொடர வழி செய்து கொடுங்கள். நிற்காத வாந்தி, மலத்தில் இரத்தம், கடுமையான நீரிழப்பு ஆகியவை தெரிந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

கோதுமை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்தப் பொறுமையான அணுகுமுறை பொருந்தாது. உங்களுக்கு அட்ரினலின் ஊசி பரிந்துரைக்கப்பட்டிருந்தால், நண்பர் வந்த முதல் நாளிலேயே அது எங்கே இருக்கிறது, தொடையின் வெளிப்பக்கத்தில் அதை எப்படிச் செலுத்துவது, உடனே எந்த அவசர எண்ணை அழைப்பது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுங்கள். மூச்சுத்திணறல், நாக்கு அல்லது தொண்டை வீக்கம், மயக்கம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் ஊசியைத் தாமதிக்காமல் செலுத்த வேண்டும் என்பதையும், செலுத்திய பிறகு உடல் தேறியதாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும் என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும்.

நண்பர் விடைபெற்ற பிறகு, பகிர்ந்து பயன்படுத்திய வெண்ணெயும் ஜாமும் திறந்த நிலையில் எஞ்சியிருந்தால், அவற்றைக் கோதுமை சாப்பிடுபவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் புதிய குப்பிகளைத் திறந்துகொள்ளுங்கள். அவர் தங்கிய அறையின் மேசை இழுப்பறையில் பயணத்துக்கு வாங்கிய பிஸ்கட் மிச்சம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.